மார்கரெட் கிராஸ் நார்ட்டன்: அரசு ஆவணங்களோடு 35 ஆண்டுகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மார்கரெட் கிராஸ் நார்ட்டன் யார்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநில அரசின் ஆவணக் காப்பகத்தை 1922 முதல் 1957 வரை பொறுப்பேற்று நடத்தியவர். அவர் பதவியேற்ற காலத்தில் அந்நாட்டில் ஆவணக் காப்பு என்பது தனித் தொழிலாகவே உருப்பெறவில்லை. தேசிய ஆவணக் காப்பகம்கூட 1934-இல்தான் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம் 1936-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் துணைத் தலைவராகவும், 1943 முதல் 1945 வரை தலைவராகவும், 1946 முதல் 1949 வரை அதன் காலாண்டிதழின் ஆசிரியராகவும் இருந்தார். அரசு ஆவணக் காப்பகம் யாருக்காக இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் அளித்த விடை, அவர் வகித்த பதவிகள் அனைத்தையும்விடப் பெரியது என்று கருதுகிறேன். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு விடையைச் சுற்றியே அமைந்துள்ளன.

இந்தப் பணிக்கு அவர் எப்படி வந்தார்?

1891-ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று இல்லினாயின் வடபகுதியில் உள்ள ராக்ஃபோர்ட் நகரில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1913-இல் இளங்கலைப் பட்டமும், அடுத்த ஆண்டே வரலாற்றில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பிறகு ஆல்பனி நகரில் இயங்கிய நியூயார்க் மாநில நூலகப் பள்ளியில் சேர்ந்து 1915-இல் நூலகவியல் பட்டம் பெற்றார். அந்தப் பள்ளியைத் தன்னகத்தே கொண்டிருந்த மாநில நூலகம், அவர் அங்கே சேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1911 மார்ச் மாதத்தில், பெருந்தீயில் சிக்கியிருந்தது. நூல்களோடு, மாநிலத்தின் குடியேற்றக் கால ஆவணங்களிலும் கையெழுத்துப் படிகளிலும் பெரும்பகுதி அந்தத் தீயில் அழிந்துபோயிற்று. காகிதத்தை நம்பி ஓர் அரசு நடக்கும்போது, அந்தக் காகிதம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது எத்தனை பெரிய கேள்வி என்பதற்கு ஆல்பனியைவிடத் தெளிவான பாடம் அந்நாளில் வேறில்லை.

பட்டம் பெற்றபின் வாசர் கல்லூரி நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் பணி, இண்டியானா மாநில நூலகத்தின் வரலாறு மற்றும் ஆவணத் துறையில் பணி, மிசூரி மாநில வரலாற்றுக் கழகத்தில் மீண்டும் பட்டியல் பணி எனச் சில ஆண்டுகள் கழிந்தன. 1922 ஏப்ரலில், முப்பதாவது வயதில், இல்லினாய் மாநில நூலகத்தின் ஆவணக் காப்பகப் பிரிவுக்குக் கண்காணிப்பாளரானார். வரலாற்றுப் படிப்பும் நூலகப் பயிற்சியும் பெற்று வந்த இவரேதான் பின்னாளில், ஆவணக் காப்பகத்தை வரலாற்றாசிரியரின் கண்ணாலும் பார்க்கக்கூடாது, நூலகரின் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று வாதிட்டார். இரண்டு துறைகளையும் உள்ளிருந்து அறிந்தவர் சொன்னதால்தான் அந்த வாதத்துக்கு வலு இருந்தது.

அவர் பொறுப்பேற்றபோது இல்லினாயின் ஆவணங்கள் எந்த நிலையில் இருந்தன?

இல்லினாய் 1818-இல் மாநிலமாயிற்று. அதன் முதல் தலைநகர் கஸ்காஸ்கியா. 1820-இல் தலைநகர் வண்டேலியாவுக்கு மாறியபோது, மாநில அரசின் ஆவணங்கள் அனைத்தும் ஒரு சிறிய வண்டியில் ஒரே சுமையாக ஏற்றிச் செல்லப்பட்டன; ஏற்றிச்சென்ற எழுத்தருக்கு 25 டாலர் கூலி. 1839-இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு இன்னொரு மாற்றம். 1870களில் அதே நகரில் புதிய அரசு மாளிகைக்கு மற்றுமொரு மாற்றம். ஒரு வண்டியில் அடங்கிய காகிதம், நூறு ஆண்டுகளில் ஒரு கட்டடத்தில் அடங்காத காகிதமாகப் பெருகியிருந்தது. சட்டமன்றத்தின் மசோதாக்கள், ஆளுநரின் கடிதங்கள், தேர்தல் முடிவுகள், நில விற்பனைப் பதிவேடுகள், போர்ப்படைப் பட்டியல்கள், இல்லினாய் மிச்சிகன் கால்வாய்க் கணக்குகள் ஆகியவை தத்தம் துறைகளின் பெட்டக அறைகளிலும் மூலைகளிலும் கிடந்தன.

1921-இல் ஒரு சட்டத்தின் மூலம் மாநில நூலகம் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் ஒன்று ஆவணக் காப்பகம். இதன்மேல் அதிகாரம் படைத்தவர் மாநிலச் செயலர். அமெரிக்க மாநிலங்களில் இந்தப் பதவி, அரசு முத்திரையையும் சட்டங்களின் மூலப்படிகளையும் காக்கும் பொறுப்புடையது. இல்லினாயில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவது. ஆகவே நார்ட்டனின் காப்பகம், பல்கலைக்கழகத்தையோ வரலாற்றுக் கழகத்தையோ சாராமல், அரசாணைகளையும் முத்திரையையும் கையாளும் அலுவலகத்தின் உள்ளேயே பிறந்தது. இது தற்செயலாக நேர்ந்த அமைப்புதான். எனினும், அதன் பொருளை முழுமையாக உணர்ந்து அதையே தன் கோட்பாட்டின் அடித்தளமாக்கிக்கொண்டவர் அவர்.

அரசு ஆவணக் காப்பகத்துக்குத் தலைமை வகித்த முதல் பெண் அவர்தானா?

இல்லை. அலபாமா மாநிலத்தின் ஆவண மற்றும் வரலாற்றுத் துறைக்கு மரீ பேங்க்ஹெட் ஓவன் 1920-லேயே தலைவராகி, 1955 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஜார்ஜியா மாநிலத்தில் ரூத் பிளேர் 1925 முதல் அத்தகைய பொறுப்பை வகித்தார். நார்ட்டனை முன்னோடி என்று சொல்வதற்குக் காரணம், அரசு ஆவணக் காப்பு என்பதற்கு அமெரிக்க நிலையில் ஒரு தெளிவான கோட்பாட்டை எழுதி, அதை நாள்தோறும் நடைமுறையிலும் காட்டியவர் என்பதே. முதலாமவர் யார் என்ற பட்டியலில் அவரை வலிந்து நுழைப்பது, அவரைப்போலவே உழைத்த மற்றப் பெண்களை மறைத்துவிடும்.

அவருடைய மையக் கருத்து என்ன?

ஆவணக் காப்பகம் என்பது அரசு நிர்வாகத்தின் ஓர் உறுப்பு என்பதே அது. இக்கருத்தை 1930-இல் வெளிவந்த ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே அவர் வெளிப்படையாக வைத்தார்.

அந்நாளில் பல மாநிலங்களில் ஆவணக் காப்பு என்றால் பழம்பொருள் சேகரிப்பு என்ற எண்ணமே நிலவியது. புகழ்பெற்றவர்களின் கையெழுத்து, போர்க் கடிதம், முன்னோர் வரலாறு ஆகியவற்றுக்கு மதிப்பு. வரி ரசீதுக்கும் நிலப் பதிவேட்டுக்கும் மதிப்பில்லை. நார்ட்டன் இதைத் தலைகீழாகப் பார்த்தார். ஓர் அரசு தான் செய்த செயலுக்குச் சான்றாகவே காகிதத்தை உண்டாக்குகிறது. அந்தச் சான்று நாளை அதே அரசுக்கும், அந்த அரசோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த குடிமகனுக்கும் தேவைப்படும். அந்தத் தேவைக்காகவே அது முதலில் காக்கப்படுகிறது. வரலாறு எழுதுவோருக்கு அது பயன்படுவது அதன்பின் வரும் நன்மை. ஆகவே ஆவணக் காப்பாளர் என்பவர் முதன்மையாகப் பொது அலுவலர். அவருடைய கையொப்பத்தோடும் அலுவலக முத்திரையோடும் வெளியாகும் நகல் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில், கிழவேதியர் நீட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்த பின்னும் வழக்கு முடியவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறே இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அதை வாங்கிப் படித்ததோடு நிற்காமல், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். மூலமும் படியும் வேறு, ஒப்பிடுவதற்கு ஐயமற்ற இன்னொரு சான்று வேண்டும், அது பாதுகாப்பான இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்ற மூன்றும் அந்தக் காட்சியில் உள்ளன. நார்ட்டன் தன் பணிக்காலம் முழுவதும் வலியுறுத்தியவையும் இந்த மூன்றையே.

1944-இல் சங்கத் தலைவராக அவர் ஆற்றி, 1945 ஜனவரியில் அச்சேறிய உரையும் ஆவணங்களின் சட்டத் தன்மையைப் பற்றியதே. ஓர் ஆவணம் உரிய அலுவலகத்தின் காவலிலிருந்து உரிய காப்பகத்தின் காவலுக்கு இடைமுறிவின்றி வந்து சேர்ந்திருக்கிறதா என்ற கேள்வி அவருக்கு உயிரான கேள்வி. காவல் ஒருமுறை முறிந்துவிட்டால், தாள் அப்படியே இருந்தாலும் அதன் நம்பகத்தன்மை குறைந்துவிடுகிறது.

சாதாரணக் குடிமகனுக்கு இதனால் என்ன பயன்?

இல்லினாய் மிச்சிகன் கால்வாயை எடுத்துக்கொள்ளலாம். 1848-இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய்க்குப் பணம் திரட்ட அரசு நிலங்களை விற்றது. அந்த நிலத்தில் இன்று வீடு வைத்திருப்பவரின் உரிமைச் சங்கிலியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால், முதல் கண்ணி கால்வாய் ஆணையரின் பதிவேட்டில் உள்ள ஒரு வரியில் போய் முடியும். அந்த வரி இருக்கும்வரை அடுத்தடுத்த உரிமைகளுக்குப் பிடிமானம் உண்டு.

1930களில் வேறொரு தேவை எழுந்தது. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது முதியோர் தம் வயதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அடுத்து உலகப்போர் வந்தபோது பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் வேலை கேட்டவர்கள் தாம் இந்நாட்டில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. அவர்களில் பலர் பிறந்த காலத்தில் ஒழுங்கான பிறப்புப் பதிவு முறை கிடையாது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தந்தை பெயருக்குக் கீழே குழந்தையாக எழுதப்பட்ட ஒரு பெயரும் வயதும்தான் பலருக்குக் கிடைத்த சான்று. ஓய்வூதியம் கேட்டு வரும் ஒரு முதியவரின் கையில் அந்த நகல் போய்ச் சேரும்போது ஆவணக் காப்பகம் என்ன செய்கிறது என்பதை விளக்குவதற்கு வேறு சொல் தேவையில்லை.

அப்படியானால் அவர் வரலாற்றாசிரியர்களுக்கு எதிரானவரா?

அவ்வாறு சொல்லப்படுவதுண்டு, அது மிகைப்படுத்தல். அவரே வரலாற்றில் முதுகலை பெற்றவர். ஆய்வாளர்களுக்கு உதவியவர், ஆவணங்களின் வரலாற்று மதிப்பைத் தன் கட்டுரைகளிலேயே ஒப்புக்கொண்டவர். அவர் எதிர்த்தது ஒரு முன்னுரிமையை. வரலாற்றாசிரியரின் இன்றைய ஆர்வத்தை அளவுகோலாகக் கொண்டு எதைக் காப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தால், நாளைய வழக்குக்கும் நாளைய நிர்வாகத்துக்கும் வேண்டிய தாள்கள் போய்விடும் என்று அஞ்சினார். சட்டமன்றத்தை நோக்கி நிதி கேட்கும்போதும், வரலாற்றுப் பெருமையைச் சொல்வதைவிட அரசின் சொந்த வேலைக்கு இது எப்படி உதவுகிறது என்று காட்டுவதே பலன் தரும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இந்தக் கருத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அரசின் தேவையை மட்டுமே முன்வைத்தால், அரசு யாரைப் பதிவு செய்யாமல் விட்டதோ அவர்களுக்குக் காப்பகத்தில் இடமே இராது. நார்ட்டனின் எழுத்தில் இந்தக் கேள்விக்குப் போதிய விடை இல்லை. ஆனால் இருக்கும் பதிவையே காக்காத அரசிடம் இல்லாத பதிவைப் பற்றி வாதிடவும் முடியாது என்பதால், அவர் தொடங்கிய இடம் சரியான இடம்தான்.

நூலகத்தில் நூல்களை அடுக்குவதுபோல ஆவணங்களையும் பொருள்வாரியாக அடுக்கினால் என்ன?

நார்ட்டன் பயிற்சி பெற்றது நூலக முறையில்தான் என்பதால், இந்தக் கேள்வியை அவர் மற்றவர்களைவிட ஆழமாகச் சிந்தித்திருக்கிறார். ஒரு நூல் தனித்து நிற்கும். அதன் பொருள் அதற்குள்ளேயே முழுமையாக இருக்கிறது. எந்த அலமாரியில் வைத்தாலும் அது அதே நூல்தான். ஓர் அரசுத் தாள் அப்படியில்லை. எந்த அலுவலகம், எந்த வேலையின் போக்கில், எதற்கு விடையாக, எந்தத் தாளுக்கு முன்னும் எதற்குப் பின்னும் அதை உண்டாக்கியது என்பதில்தான் அதன் பொருள் பாதி இருக்கிறது.

ஆபிரகாம் லிங்கன் 1834 முதல் இல்லினாய்ச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அவர் கைப்பட எழுதிய மசோதா வரைவுகள் சட்டமன்றத் தாள்களுக்கிடையே உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து ‘லிங்கன்’ என்று பெயரிட்ட தனிப்பெட்டியில் வைத்தால் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால், எந்தக் கூட்டத்தொடரில் அது முன்வைக்கப்பட்டது, குழுவில் என்ன திருத்தம் பெற்றது, வாக்கெடுப்பில் என்ன ஆயிற்று என்பவற்றைச் சொல்லும் தாள்களிலிருந்து அது பிரிந்துவிடும். பெரிய மனிதரின் கையெழுத்தாக எஞ்சுமே தவிர, சட்டம் உருவான விதத்துக்குச் சான்றாக எஞ்சாது.

இதற்கு மாற்றாக ஐரோப்பிய ஆவணக் காப்பாளர்கள் வகுத்திருந்த தோற்றுவாய்க் கோட்பாட்டை அவர் கைக்கொண்டார். ஓர் அலுவலகத்தின் ஆவணங்களை இன்னோர் அலுவலகத்தின் ஆவணங்களோடு கலக்கக்கூடாது. அந்த அலுவலகம் தன் வேலைக்காக வைத்திருந்த வரிசையைக் கூடியமட்டும் குலைக்கக்கூடாது என்பது அதன் சாரம். நெதர்லாந்தின் மூவர் 1898-இல் எழுதிய கையேடும், இங்கிலாந்தின் ஹிலரி ஜென்கின்சன் 1922-இல் வெளியிட்ட கையேடும் அந்தக் கோட்பாட்டை விரித்துரைத்தவை. ஆனால் அவை நூற்றாண்டுகளுக்கு முன்பே செயல் முடிந்துபோன அலுவலகங்களின் ஏடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நேற்று வந்து நாளை பெயர் மாறிவிடும் அமெரிக்க மாநிலத் துறைகளுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பது நார்ட்டன் தாமே தீர்க்க வேண்டியிருந்த சிக்கல். தனித் தாளைப் பட்டியலிடாமல், ஒரே வேலையால் உண்டான தாள்களின் தொடரை ஓர் அலகாகக் கொண்டு பட்டியலிடுவது அவர் கண்ட வழி. அதற்கான விதிகளை 1938-இல் வெளியிட்டார்.

பழைய தாள்களை அழிப்பதற்கு ஆவணக் காப்பாளர் உடன்படலாமா?

உடன்பட வேண்டும், அதுமட்டுமன்றி, அந்த முடிவில் அவருக்குப் பங்கும் இருக்க வேண்டும் என்றார் நார்ட்டன். காப்பவர் என்ற பெயரைத் தாங்கியவர் அழிப்பதைப் பற்றிப் பேசுவது கேட்பதற்கு முரணாக இருக்கலாம். 1930களில் அரசின் பணிகள் பெருகின; தட்டச்சும் கார்பன் தாளும் ஒரே கடிதத்தை நான்காக்கின. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எந்த அரசாலும் இயலாது. ஆவணக் காப்பாளர் விலகி நின்றால் அழிப்பு நின்றுவிடாது. இடம் போதாத ஓர் அலுவலகம், ஒரு கோடைக்கால மதியத்தில், யாரையும் கேட்காமல் அதைச் செய்துவிடும்.

ஜென்கின்சன் இதற்கு நேரெதிராக, எதை அழிப்பது என்பதை அத்தாள்களை உண்டாக்கிய அலுவலகமே முடிவு செய்ய வேண்டும், காப்பாளர் அதில் தலையிட்டால் சான்றின் நடுநிலை கெடும் என்றார். அந்த அச்சத்திலும் நியாயம் உண்டு. நார்ட்டன் கண்ட இடைவழி, முடிவைத் தனியொருவரிடம் விடாமல், சட்டத்தின் அடிப்படையில், தாள்களை உண்டாக்கிய துறையும் காப்பகமும் சேர்ந்து, தொடர் தொடராக ஆராய்ந்து, எழுத்தில் பதிவு செய்து முடிவெடுப்பது. எது அழிக்கப்பட்டது, யார் ஒப்புதலோடு, எந்நாளில் என்பதும் ஓர் ஆவணமாக நிற்க வேண்டும். இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக, ஆவணம் உண்டாகும்போதே அதன் வாழ்நாளைத் திட்டமிட வேண்டும் என்று அவர் எழுதினார். ஆவண மேலாண்மை என்ற பெயரில் பிற்காலத்தில் தனித் துறையாக வளர்ந்ததன் வித்து அதில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற அதே 1957-இல் இல்லினாயின் மாநில ஆவணச் சட்டம் நிறைவேறியது.

ஆவணக் காப்பகத்துக்கென்று தனிக் கட்டடம் எப்போது வந்தது?

1938-இல். முதலில் ஸ்பிரிங்ஃபீல்டில் நூற்றாண்டு நினைவுக் கட்டடத்தில் காப்பகத்துக்கு இடம் கிடைத்தது. அது விரைவில் போதாமற்போயிற்று. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், மாநிலத்தின் நிதியோடு கூட்டரசின் பொதுப்பணி நிதியும் சேர்ந்து புதிய கட்டடத்துக்கு வழி செய்தது. ஆவணக் காப்புக்காகவே திட்டமிட்டு அமெரிக்காவில் கட்டப்பட்ட தொடக்ககாலக் கட்டடங்களில் அது ஒன்று. மேரிலாந்தின் ஆவண மாளிகையும் வாஷிங்டனின் தேசியக் காப்பகமும் மட்டுமே அதற்குச் சற்று முந்தியவை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி அழிந்தோ சேதமுற்றோ போயிருந்த நாடு அது. தீக்கு இடங்கொடாத பெட்டக அறை என்பது அலங்காரச் செலவாகத் தோன்றாத காலம். ஆவணக் காப்பாளர் சங்கம் 1938-ஆம் ஆண்டின் மாநாட்டை ஸ்பிரிங்ஃபீல்டிலேயே நடத்தியது. 1995-இல் அந்தக் கட்டடத்துக்கு மார்கரெட் கிராஸ் நார்ட்டன் கட்டடம் என்று பெயர் சூட்டப்பட்டது.

ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் பதவியில் எப்படி நிலைத்தார்?

இல்லினாயில் மாநிலச் செயலரின் அலுவலகம் கட்சிக்காரர்களுக்கு வேலை வழங்கும் இடமாக அறியப்பட்டது. 35 ஆண்டுகளில் எம்மர்சன், ஸ்ட்ராட்டன், ஹியூஸ், ரோ, பாரெட், கார்ப்பென்டியர் என ஆறு செயலர்கள் வந்தார்கள். நால்வர் குடியரசுக் கட்சியினர், இருவர் மக்களாட்சிக் கட்சியினர். இந்த ஆறு பேரின் கீழும் காப்பகத்தின் பொறுப்பு அவரிடமே இருந்தது.

காப்பகத்தை அரசின் அன்றாட வேலைக்கு இன்றியமையாததாக ஆக்கியது அதற்கு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஒரு துறைத் தலைவர், பழைய ஒப்பந்தம் ஒன்றைக் காலையில் கேட்டு மாலைக்குள் பெற்றுவிட்டால், அந்த நகலைத் தேடித் தந்தவரை மாற்றச் சொல்ல அவருக்கு மனம் வராது. நார்ட்டனின் கோட்பாடு புத்தகத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று, இத்தகைய சூழலில் ஒரு பெண் அலுவலர் தன் துறையைக் காப்பாற்றிய பட்டறிவிலிருந்தும் பிறந்தது என்பதை மறக்கலாகாது.

தொழிலமைப்பில் அவர் பங்கு என்ன?

1936 டிசம்பரில் பிராவிடன்ஸ் நகரில் சங்கம் உருவானபோது அதன் முன்னணியில் வரலாற்றுப் பேராசிரியர்களே மிகுந்திருந்தார்கள். முதல் தலைவர் நியூசம் வரலாற்றாசிரியர். இதழின் முதல் ஆசிரியரான தியோடர் பீஸும் இல்லினாய்ப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். அத்தகைய அவையில், அரசு அலுவலகத்தில் நாள்தோறும் கோப்புகளோடு பழகும் ஒருவர் துணைத் தலைவரானது குறிப்பிடத்தக்கது. பீஸுக்குப்பின் 1946-இல் இதழின் பொறுப்பை ஏற்றபோது அவர் அதன் போக்கைத் தெளிவாகத் திருப்பினார்: நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுப்பது, தாளைச் செப்பனிடுவது, அடுக்குவது, வேண்டாதவற்றைக் கழிப்பது முதலிய தொழில்நுட்பச் செய்திகளுக்கு இடம் கூடியது. ஒரு சிறு மாவட்ட அலுவலகத்தில் தனியாக இருந்து திணறும் காப்பாளருக்கும் அந்த இதழ் பயன்பட வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

அவர் எழுதிய நூல் எது?

தன் கோட்பாட்டை முழுநூலாக எழுதி அவர் வெளியிடவில்லை. அவருடைய சிந்தனை பெரும்பாலும் ‘இல்லினாய் லைப்ரரீஸ்’ என்ற மாநில நூலக இதழில் அவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எழுதிய கட்டுரைகளிலும், மாநாட்டு உரைகளிலும் சிதறிக் கிடந்தது. அவற்றில் முக்கியமானவற்றைத் தார்ன்டன் மிட்சல் தொகுத்து 1975-இல் ‘நார்ட்டன் ஆன் ஆர்க்கைவ்ஸ்’ என்ற பெயரில் வெளிக்கொணர்ந்தார். அப்போது நார்ட்டன் உயிருடன் இருந்தார். 1984-ஆம் ஆண்டு மே மாதம், 92-ஆம் வயதில் மறைந்தார். மத்திய மேற்குப் பகுதி ஆவணக் காப்பாளர் அமைப்பு, தன் இதழில் வெளியாகும் சிறந்த கட்டுரைக்கு அவர் பெயரில் விருது வழங்கிவருகிறது.

மின்கோப்புக் காலத்தில் அவரைப் படிப்பதால் பயன் உண்டா?

உண்டு, சொல்லப்போனால், 1990களில் அரசு ஆவணங்கள் கணினிக்குள் நுழைந்தபோதுதான் அவருடைய எழுத்து மீண்டும் கவனம் பெற்றது. காகிதத்தில் மை, கையொப்பம், முத்திரை, தூசு எல்லாமே ஓரளவு சாட்சி சொல்லும். மின்கோப்பில் அந்தச் சாட்சிகள் இல்லை. யார் வேண்டுமானாலும் சுவடின்றித் திருத்தலாம், ஆயிரம் படிகளில் எது மூலம் என்று தெரியாமற்போகலாம். எனவே, இக்கோப்பு எந்த அலுவலகத்தில், எந்த வேலையின் போக்கில் உண்டாயிற்று, அன்றுமுதல் யார் காவலில் இருந்தது, இடையில் யார் தொட்டார்கள் என்ற நார்ட்டனின் பழைய கேள்விகளே இன்று மென்பொருள் வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளாகிவிட்டன. கோப்பு பழையதாகிக் காப்பகத்துக்கு வந்துசேரும்வரை காத்திராமல், அது உண்டாகும் இடத்திலேயே காப்பாளர் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் இப்போது கட்டாயமாகிவிட்டது. பத்து ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த காகிதத்தைத் தூசு தட்டிப் படித்துவிடலாம், பத்து ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த நெகிழ்வட்டைத் திறப்பதற்குக் கருவியே கிடைப்பதில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

மிட்சலின் தொகுப்பில் காப்பகத்தின் நோக்கத்தையும் ஆவணங்களின் சட்டத் தன்மையையும் பேசும் கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு, பிறகு அடுக்குமுறை, தாள்களை அழிப்பது ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகளுக்குச் செல்வது நல்லது. அரசு அலுவலகத்தில் பணியாற்றுபவராக இருந்தால் வரிசையை மாற்றி, அழிப்பு பற்றிய பகுதியை முதலில் படிக்கலாம். அதில் அவர் விவரிக்கும் நெருக்கடியான அலமாரிகளை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.